நீலம் போச்சு, உப்பு போகலையே



போன எபிசோடில், "ஒரு மாடல் டேட்டாவோட அழகா ஒத்துப்போகுதுன்னா அது சரியான மாடலா?"ன்னு பேச ஆரம்பிச்சு, நேரம் போதாம பாதியில் விட்டுட்டோம். மீதியை இந்த மடலில் எழுதுறேன். எல்லாரும் ஏ.ஐ. உதாரணம் எதிர்பார்த்திருப்பீங்க. நான் எடுத்துக்கிட்டது களிமண். அதுவும் காப்பெல்ல எங்க வீட்டுக் கொல்லைப்புறக் களிமண்.

டாலஸ் பக்கம் வீடு வாங்கினவங்களுக்கு இந்த மண்ணைப் பத்திச் சொல்லவே வேண்டாம். ஆகஸ்ட் வெயில்ல புல்தரை பாளம் பாளமா வெடிக்கும், விரலே உள்ள போகும். மழை பேஞ்சா அதே மண் உப்பி மேல வரும். இந்த ஏத்த இறக்கத்துல வீட்டு ஃபவுண்டேஷன் விரிசல் விடும். கதவு ஒரு நாள் சாத்தும், மறுநாள் சாத்தாது. அதனால செடிக்கு ஊத்துறோமோ இல்லையோ, வீட்டைச் சுத்தி ஓட்டைக் குழாய் போட்டு ஃபவுண்டேஷனுக்குத் தண்ணி ஊத்துறோம். இதைக் கேட்டு ஊர்ல இருக்கிற எங்கப்பா முதல்ல நம்பவே இல்ல. "வீட்டுக்கா தண்ணி பாய்ச்சற?"ன்னு சிரிச்சார். அப்புறம் மண்ணோட போட்டோ அனுப்பினேன். "இது நம்ம கரிசல் மாதிரியல்ல இருக்குது"ன்னார்.

அவர் சொன்னது சரி. டெக்சஸ் கருமண்ணும் தமிழ்நாட்டுக் கரிசலும் மண்ணியலில் ஒரே வகை, வெர்டிசால். ரெண்டிலும் முக்கியமான கனிமம் மான்ட்மோரில்லோனைட் குடும்பத்தைச் சேர்ந்தது. காகிதக் கட்டு மாதிரி மெல்லிய அடுக்குகள். அடுக்குகளுக்கு நடுவே தண்ணி புகுந்தா உப்பும், வத்தினா சுருங்கும். அந்த அடுக்குகளோட பரப்பு எல்லாத்தையும் விரிச்சுப் போட்டா ஒரு கிராம் சுத்தமான மான்ட்மோரில்லோனைட்டுக்கு 700 சதுர மீட்டருக்கு மேல வரும். அதாவது 7,500 சதுர அடி. எங்க தெருவுல ரெண்டு வீட்டைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

இன்னொரு குணமும் உண்டு. அடுக்குகளில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடத்துல மெக்னீசியம் உட்கார்ந்திருக்கும். அதனால மண்ணோட பரப்புக்கு நிரந்தரமா ஒரு நெகட்டிவ் சார்ஜ். தண்ணியில பாசிட்டிவ் சார்ஜோட எது வந்தாலும் இழுத்து ஒட்ட வச்சுக்கும். இதுக்குத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல பரப்புக் கவர்தல்னு பேரு. உறிஞ்சுறது வேற. இட்லி சாம்பாரை உள்ள இழுத்துக்கிறது உறிஞ்சுதல். டிவி ஸ்கிரீன்ல தூசி ஒட்டுறது பரப்புக் கவர்தல்.

ஒரு சயின்ஸ் ஃபேர் கதை

என் அக்கா பொண்ணு இங்க பத்தாம் வகுப்பு படிக்கிறா. போன வருஷம் சயின்ஸ் ஃபேருக்கு, "சாயத் தண்ணியைக் கொல்லைப்புற மண்ணாலேயே சுத்தம் பண்ண முடியுமா?"ன்னு ஒரு ப்ராஜெக்ட் எடுத்தா. ஊர்ல நொய்யல் ஆத்துல சாயம் ஓடினதைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கா, அதான் காரணம். மண் எங்க வீட்டுது. சாயம் மெத்திலீன் நீலம். மீன் தொட்டிக் கடையில, மீனுக்கு நோய் வந்தா ஊத்துறதுக்காகச் சின்ன பாட்டில்ல விப்பாங்க. தண்ணி டிஸ்டில்டு வாட்டர். கோடு எழுதிக் கொடுக்க மாமா, அதாவது நான்.

மண்ணைக் காய வச்சு, இடிச்சு, சலிச்சோம். ஆளுக்கு ஒரு அளவா வெவ்வேறு அடர்த்தியில சாயத் தண்ணி கலந்து, ஒவ்வொரு ஜாடியிலும் கால் கிராம் மண் போட்டு ஆட்டி, ராத்திரி முழுக்கப் படிய விட்டோம். காலையில பார்த்தா முதல் நாலு ஜாடி பச்சைத் தண்ணி மாதிரி தெளிஞ்சு கிடக்கு, அடியில மண்ணு நீலமா இருக்கு. அவ குதிச்சா. நானும்தான். மிச்சமிருக்கிற நிறத்தை ஸ்கூல் லேப் கலரிமீட்டர்ல அளந்து எண்களை எடுத்துக்கிட்டு வந்தா.

இப்ப மாடல். இதுக்கு நூறு வருஷமா எல்லாரும் பயன்படுத்துறது லாங்மியூர் சமன்பாடு. இர்விங் லாங்மியூர், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில வேலை பார்த்தவர், 1932-ல் வேதியியல் நோபல் வாங்கினவர். 1918-ல் கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் பரப்புகளில் வாயுக்கள் எப்படி ஒட்டுதுன்னு எழுதின கட்டுரையிலிருந்து வந்தது இது.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கங்க. இலை போட்ட இடம் இத்தனைதான். ஒரு இலைக்கு ஒரு ஆள். மடியில உட்கார முடியாது. எல்லா இலையும் ஒண்ணுதான், பக்கத்துல யார் இருந்தாலும் கவலையில்ல. ஆளுங்க வருவாங்க, எந்திரிப்பாங்க. வெளிய கூட்டம் கொஞ்சமா இருந்தா பாதிப் பந்தி காலி. கூட்டம் ஏற ஏற இலை நிறையும். ஒரு கட்டத்துக்கு மேல வெளிய எவ்வளவு கூட்டம் நின்னாலும் உள்ள எண்ணிக்கை கூடாது. லாங்மியூர் வளைவு இவ்வளவுதான். ஃப்ராய்ண்ட்லிஷ்னு இன்னொருத்தரோட சமன்பாடும் உண்டு. அதுல எல்லா இலையும் சமமில்ல. ஃபேனுக்குக் கீழ இருக்கிற இடம் முதல்ல நிறையும், கம்பத்துக்குப் பின்னாடி இருக்கிறது கடைசியில.

பைத்தான்ல பத்து வரி. ஃபிட் பண்ணேன். ஆர்-ஸ்கொயர் 0.99. ரெண்டு பேரும் ஹை-ஃபைவ் அடிச்சோம்.

அப்பிச்சியின் கேள்வி

அன்னிக்கு ராத்திரி வீடியோ காலில் அவ அப்பிச்சிக்கு, அதாவது எங்கப்பாவுக்கு, ஜாடியைக் காட்டினா. எங்க தோட்டம் சென்னிமலை பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ. அவர் பொறுமையாப் பார்த்துட்டு, "நல்லாருக்குது கண்ணு. ஆனா இந்த நீலத்தை எந்த சாயப்பட்டறையில போடறாங்க?"ன்னார். அவ முழிச்சா. அடுத்து, "சரி, நிறம் போச்சு. உப்பு போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா ரெண்டுமே எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

ஊர்க் கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்துல காவிரியில கலக்குது. திருப்பூர் பனியன் தொழில் வளர்ந்தப்போ சாயப்பட்டறைகளோட கழிவுநீர் ஆத்துக்குள்ள போச்சு. பாசனத்துக்குன்னு 1990-களின் தொடக்கத்துல பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்துலயே சாயக் கழிவு தேங்குற தொட்டியா மாறிடுச்சு. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2006-ல் உயர் நீதிமன்றம் கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளிய வரக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. 2009-ல் உச்ச நீதிமன்றமும் மாசுபடுத்துறவங்கதான் அதுக்குப் பணம் கொடுக்கணும்னு சொல்லுச்சு. அப்பவும் நிக்கல. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம், விதியை நிறைவேத்தாத பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளோட கரண்ட் கட் ஆச்சு. ஊரே ஸ்தம்பிச்சுது.

நான் வளர்ந்தது அந்தக் காலத்துலதான். எங்க கிணத்துத் தண்ணி பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். வாயில வச்சா கரிக்கும். மாடு தொட்டியில வாய் வச்சுட்டுத் தலையைத் திருப்பிக்கும். அப்பா ரெண்டு ஏக்கர்ல மஞ்சள் போடுறதை நிறுத்தினார்; அப்புறம் தென்னையும் காய்ப்பு குறைஞ்சுது. "சாயம் கண்ணுக்குத் தெரியும், உப்பு நாக்குக்குத்தான் தெரியும்"னு அவர் சொல்றது வசனம் இல்ல. அவர் தினமும் பண்ண டெஸ்ட் அது.

இப்ப வேதியியலுக்கு வருவோம். திருப்பூர்ல போடறது பருத்தி. பருத்திக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்; 1956-ல் ஐ.சி.ஐ. கம்பெனி சந்தைக்குக் கொண்டு வந்த வகை. துணியோட நாரில் வேதிப் பிணைப்பு போட்டு ஒட்டிக்கும், அதான் துவைச்சாலும் போறதில்ல. இந்தச் சாய மூலக்கூறு தண்ணியில கரையும்போது நெகட்டிவ் சார்ஜ். பருத்தியும் தண்ணியில லேசா நெகட்டிவ். ரெண்டும் தள்ளிக்கும். அதைச் சமாளிக்கத்தான் சாயத் தொட்டியில உப்பைக் கொட்டுறாங்க. லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம். அந்த உப்பு துணியில தங்காது. துணியில சேராத சாயத்தோட சேர்ந்து அப்படியே கழிவுநீர்ல வரும்.

இப்ப நாங்க பண்ணதைப் பாருங்க. மெத்திலீன் நீலம் பாசிட்டிவ் சார்ஜ். களிமண் நெகட்டிவ். காந்தம் மாதிரி ஒட்டத்தான் செய்யும். எவ்வளவு ஒட்டும்னா, ரோடு போடறவங்க மண்ணுல எவ்வளவு உப்புற களி இருக்குன்னு கண்டுபிடிக்கவே மெத்திலீன் நீலத்தைப் பயன்படுத்துறாங்க. அதாவது நாங்க மண்ணுக்கு ரொம்பப் பிடிச்ச சாயத்தைத் தேர்ந்தெடுத்து, "மண்ணு சாயத்தைப் பிடிக்குது!"ன்னு கண்டுபிடிச்சோம். நொய்யல்ல ஓடினது எதிர் சார்ஜ்.

0.99 எப்படி வந்துச்சு?

அடுத்து என் பங்குத் தப்பு. இது சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு.

லாங்மியூரை ஃபிட் பண்ண நான் சுலப வழியில போனேன்: வளைவை நேர்கோடா மாத்தி எழுதி, ஒரு கோடு போட்டுட்டேன். இன்னிக்கும் நிறைய ஆய்வுக் கட்டுரைகள் இப்படித்தான் பண்ணுது. நேர்கோடு வடிவத்துல, மிச்சமிருக்கிற அடர்த்தி எக்ஸ் அச்சிலயும் வரும், ஒய் அச்சிலயும் வரும். ஒரே எண் ரெண்டு பக்கமும் இருந்தா ரெண்டும் சேர்ந்து ஏறத்தான் செய்யும். ஒத்துப்போறதுல பாதி, நாமளே உள்ள வச்சது.

நேரத்தைப் பொறுத்து எவ்வளவு வேகமா ஒட்டுதுன்னு பார்க்கிற 'போலி இரண்டாம் படி' மாடல் இன்னும் மோசம். அங்க நேரத்தை ஒட்டின அளவால வகுத்து, அதை நேரத்துக்கு எதிராவே வரைவாங்க. நீங்களே இப்ப ட்ரை பண்ணலாம். 5 நிமிஷத்துலிருந்து 180 நிமிஷம் வரை நேரம் எடுத்துக்கங்க. ஒட்டின அளவுக்கு 45-லிருந்து 55-க்குள்ள ரேண்டம் எண்கள் போடுங்க. எந்த அர்த்தமும் இல்லாத குப்பை எண்கள். நேரத்தை அந்த எண்ணால வகுத்து வரைஞ்சு பாருங்க. எனக்கு ஆர்-ஸ்கொயர் பெரும்பாலும் 0.98 பக்கத்துல வந்துச்சு. அதே எண்களை நேரடியா நேரத்துக்கு எதிரா வரைஞ்சா, கிட்டத்தட்ட பூஜ்யம். மண்ணும் இல்ல, சாயமும் இல்ல, 0.98 மட்டும் இருக்கு.

சரி, நேர்கோடு வேண்டாம், நேரடியா வளைவையே ஃபிட் பண்ணலாம். பண்ணணும். இன்னிக்கு அதுக்கு ஒரே ஒரு ஃபங்ஷன் கால்தான். ஆனா அதுவும் போதாது. இப்பெல்லாம் நாப்பது டேட்டா பாயின்ட்டை வச்சு நியூரல் நெட்வொர்க்கே ட்ரெயின் பண்றாங்க. எவ்வளவு பெரிய மாடல் போட்டாலும், டேட்டாவுல நொய்யல் இல்லாட்டி விடையிலயும் நொய்யல் இருக்காது. ட்ரெயினிங் டேட்டா வேற, ப்ரொடக்‌ஷன் வேற.

நான் கான்ட்ராக்டரா ஒரு க்ளையன்ட் கிட்ட வேலை பார்த்தப்போ டேஷ்போர்டு முழுக்கப் பச்சையா இருக்கும், போன்ல கஸ்டமர் கத்திக்கிட்டு இருப்பார். நாங்க அளந்தது சர்வர் பதில் சொல்லுதான்னு. அந்தப் பதில் சரியான்னு யாரும் அளக்கல. அப்ப அதைப் பார்த்துச் சிரிச்சவன், வீட்டுல ஜாடியை வச்சு அதையே பண்ணியிருக்கேன்.

ஒரு சின்னக் கணக்கு

அப்பா கேட்ட ரெண்டாவது கேள்விக்கு மாடலே வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும். ஒரு பட்டறை நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுதுன்னு வச்சுக்கலாம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சாயம், 5 கிராம் உப்பு. மொத்தம் 20 கிலோ சாயம், 500 கிலோ உப்பு.

ஒரு கிராம் மண் 100 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கும்னு தாராளமா வச்சுக்கிட்டாலும், தினமும் 200 கிலோ மண் வேணும். சாயங்காலம் அந்த 200 கிலோவும் சாயச் சேறா, தண்ணியோட இன்னும் கனமா நிக்கும். அதை எங்க கொட்டுறது? மழை பேஞ்சா திரும்பக் கரையுமா? சாயம் எங்கயும் போயிடல, தண்ணியில இருந்தது மண்ணுக்கு வந்திருக்கு, அவ்வளவுதான். அந்த 500 கிலோ உப்பு? ஒரு கிலோகூடக் குறையாம தெளிஞ்ச தண்ணியில ஆத்துக்குப் போகும். அதை எடுக்கத்தான் திருப்பூர்ல ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ், அதுக்குப் பின்னாடி தண்ணியைக் கொதிக்க வச்சு உப்பைப் பிரிக்கிற எவாப்பரேட்டர்னு அவ்வளவு செலவும் கரண்டும் போகுது. அங்கயும் கடைசியில திரும்பப் பயன்படுத்த முடியாத கலவை உப்பு மிஞ்சுது, அதை என்ன பண்றதுன்னு தனித் தலைவலி.

இதுல எனக்கு இன்னொண்ணும் உறுத்துது. நிறத்தை எடுத்துட்டு உப்பை விட்டா, பார்க்கிறவனுக்கு ஆறு சுத்தமாயிடும். செகப்பா ஓடினவரைக்கும் டிவிக்காரன் வந்தான், கோர்ட் கேட்டுச்சு. கண்ணாடி மாதிரி ஓடுற உப்புத் தண்ணியை யாரு படம் எடுப்பா?

அப்ப களிமண் ஆராய்ச்சியே வேஸ்ட்டான்னு கேட்டா, இல்ல. அக்ரிலிக், காகிதம்னு வேற தொழில்கள்ல வேற சார்ஜ் சாயங்கள் உண்டு. மண்ணோட பரப்பை மாத்தி, நெகட்டிவ் சாயத்தையும் பிடிக்க வைக்கிற வேலையும் நடக்குது. பெரிய சுத்திகரிப்புல ஒரு படியா, கடைசி நிறத்தை எடுக்க, விலை குறைஞ்ச மண்ணுக்கு இடம் இருக்கலாம். என் வாதம் ஒண்ணுதான்: மாடல் போடறதுக்கு முன்னாடி, அந்தத் தண்ணியைக் குடிக்கிறவங்ககிட்ட என்ன அளக்கணும்னு கேளுங்க. எங்க வீட்டுல அந்தக் கேள்வி வீடியோ காலில் ஓசியாக் கிடைச்சுது. நாங்கதான் கடைசியாக் கேட்டோம்.

சில பேர், "ஸ்கூல் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு இவ்வளவு கெடுபிடி வேணுமா?"ன்னு கேப்பீங்க. வேணும்னுதான் நினைக்கிறேன். நம்மில் நிறையப் பேருக்கு ஊர் ஒரு ப்ராஜெக்ட் தலைப்பா வருது. காலேஜ் அப்ளிகேஷன் கட்டுரையில நல்லா இருக்கும், கேக்குறவங்களுக்கும் நெகிழ்ச்சியா இருக்கும். ஆனா "எங்க ஊர் ஆத்துக்குத் தீர்வு கண்டுபிடிச்சேன்"னு எழுதுறதுக்கும், ஊர்ல என்ன ஓடுதுன்னு பார்க்கிறதுக்கும் தூரம் இருக்கு. அந்தத் தூரத்தைக் குறைக்க ஒரு போன் கால் போதும்.

அப்புறம் என்ன பண்ணா?

ஃபேருக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. அவ போஸ்டரை மாத்தினா. கைவினைக் கடையில டை-டை பண்றதுக்கு விக்கிற பொடியை வாங்கினோம். பருத்திக்கான நல்ல பொடி ரியாக்டிவ் சாயம்தான், திருப்பூர் சாயத்துக்கு உறவு. அதே மண், அதே கால் கிராம், தண்ணியில உப்பும் சேர்த்து. காலையில பார்த்தா ஜாடி எல்லாம் ரோஸ் மில்க் மாதிரி அப்படியே இருக்கு. மண்ணு கொஞ்சமாத்தான் பிடிச்சிருந்துச்சு. டி.டி.எஸ். மீட்டரை உள்ள விட்டா, உப்பு போட்ட அளவு அப்படியே.

"மாமா, இது ஃபெயிலா?"ன்னு கேட்டா. நான், "ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டு"ன்னேன். ஒட்டினா. தலைப்புல "முடியும்"னு இருந்ததை எடுத்துட்டு "எந்தச் சாயத்தை?"ன்னு போட்டா. பரிசு எதுவும் வரல. ஒரு ஜட்ஜ் மட்டும் இருபது நிமிஷம் நின்னு பேசிட்டுப் போனார்.

நீங்க யாராவது இந்த மாதிரி ப்ராஜெக்ட் பண்றீங்கன்னா, நாங்க கத்துக்கிட்டதைச் சொல்றேன். எந்தத் தொழிலோட தண்ணின்னு முதல்ல முடிவு பண்ணி, அந்தச் சாயத்தை எடுங்க. டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு தடவை, உப்பு போட்டு ஒரு தடவை பண்ணுங்க. வளைவை நேரடியா ஃபிட் பண்ணுங்க; நாலஞ்சு ஜாடியை ஒளிச்சு வச்சு, மாடல் அதைச் சரியாச் சொல்லுதான்னு பாருங்க. கடைசியா, சாயம் பிடிச்ச மண்ணை நல்ல தண்ணியில போட்டு ஆட்டி, எவ்வளவு திரும்பக் கரையுதுன்னு அளங்க.

அப்பாவுக்கு இப்ப ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக் கொடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில கிணத்துத் தண்ணியில விட்டு, எண் தெரியற மாதிரி போட்டோ எடுத்துப் பேத்திக்கு வாட்ஸ்அப் பண்றார். அவ அதை ஒரு ஷீட்ல ஏத்துறா. மழைக்கு முன்னாடி, மழைக்குப் பின்னாடின்னு இதுவரைக்கும் பதினொரு வரி இருக்கு. மாடல் போடலாமான்னு போன வாரம் கேட்டேன். "இன்னும் ஒரு வருஷம் போகட்டும் மாமா"ன்னுட்டா.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம். உங்க ஊர் ஆறு, ஏரி, கிணறு எதுவா இருந்தாலும், அங்க தண்ணி குடிக்கிற யாராவது சொன்ன கதை இருந்தா பதில் எழுதுங்க. படிச்சுட்டு ஷோவுல பேசுறோம்.